சிவப்புச் சால்வையும் பன்னிரண்டு மணிச் சங்கும்

மௌலா அலி,
ஹைதராபாத்.
18-10-1987

மரியாதைக்குரிய ரஹீம் அண்ணனுக்கு,

எலிசபெத் சலாம் சொல்லி எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ஜேம்ஸும் பிள்ளைகளும் சுகம். சவுதியில், தம்மாமில், உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜுலைகா அண்ணியைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய தைலம் இங்கே கிடைக்கும் தைலம்தான் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

வழக்கமாக ஜேம்ஸ்தான் உங்களுக்கு எழுதுவார். இந்த முறை பேனாவை நான் பிடுங்கிக்கொண்டேன். முதலில் நல்ல சேதி. சென்னையிலிருந்து இளங்கோவன் என்று ஒருவர் நம் வீட்டைத் தேடி வந்தார். ஒரு கொள்ளைப் படம் எடுக்கிறார்களாம். கதை நடப்பது 1966-இல். அதனால் புதுப் பாட்டே போடாமல், அந்தக் காலத்துச் சின்னச் சின்ன பேண்டுகள் பாடிய டுவிஸ்ட் பாட்டுகள் எட்டைத் தேடிப் பிடித்து, இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் போடப்போகிறார்கள். அதில் ஒன்று நம்முடையது! ஆமாம் அண்ணா, ‘டிக்கெட் இல்லாத காதலன்’தான். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் நம்மைப் பதிவு செய்தாரே ரெக்கார்டிங்காரர், அவர் அந்த டேப்பைத் தூக்கிப் போடாமல் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார்.

கடைசி வரியில் நம் ரயில்வே பட்டறைச் சங்கு ஊதிக் கெடுத்ததே, அது வேண்டாம் என்றுதானே அன்றைக்கு இசைத்தட்டுக் கம்பெனி நம்மைத் தள்ளியது? இவர்களுக்கு அந்தச் சங்குதான் வேண்டுமாம். கொள்ளைக்காரன் பெட்டியோடு, வேலை முடிந்து வரும் தொழிலாளர் கூட்டத்துக்குள் புகுந்து நழுவுகிற காட்சிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதாம். இளங்கோவன் போட்டுக் காட்டினார். என் மகள் ரோஸ்லின் கேட்டுவிட்டு, “நிஜங்கா, அது நீயா மம்மி?” என்று பத்து தடவை கேட்டாள். பெற்ற தாய்க்கு ஒரு குரல் இருந்தது என்று இப்போதுதான் தெரிந்ததாம் மகாராணிக்கு.

அட்டையில் ‘மௌலா அலி மெயில்’ என்று பேண்டின் பெயரும், கீழே நம் மூவர் பெயரும் வரும். டிரம்ஸ், அப்துல் ரஹீம். அதற்கு மூன்று பேரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் பாட்டு இல்லை. உங்கள் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். நவம்பர் முடிவதற்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இத்தோடு நிறுத்திக்கொள் என்றுதான் ஜேம்ஸ் சொன்னார். “நக்கோ லிஸி, வேண்டாம், கையெழுத்து வரட்டும், பழசைக் கிளறாதே” என்றார். ஆனால் உண்மை தெரியாமல் நீங்கள் போடும் கையெழுத்து எனக்கு வேண்டாம் அண்ணா. படித்துவிட்டுக் கிழித்துப் போடுவதானாலும் போடுங்கள்.

பாட்டைப் பதிவு செய்த அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு மறந்திருக்காது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும் டியூட்டி உங்களுடையது. டிரம்ஸ் வாசிப்பதற்காக மேலே யாருக்கும் சொல்லாமல், உங்களோடு வேலை பார்த்த கிருஷ்ணமூர்த்தி அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தீர்கள். சங்கு இருக்கும் பவர் ஹவுஸிலிருந்து இன்ஸ்டிட்யூட் ஜன்னல் தெரியும். ஜன்னலில் சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருக்கும்வரை சங்கில் கை வைக்கக் கூடாது, எடுத்ததும் ஊதலாம் என்பது உங்கள் ஏற்பாடு. வேறு சிவப்பு கிடைக்காமல் என் அம்மாவின் சால்வையைத்தான் தொங்கவிட்டோம். ரெக்கார்டிங்காரர் தாமதம் செய்ததில் பாட்டு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள் நான். கடைசிச் சரணத்தில் வெளியே பார்த்தால் அப்பா வந்துகொண்டிருக்கிறார். கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை முடித்து, கையில் விளக்கும் பெட்டியுமாக. நான் மாதா கோயிலில் கொயர் பாட்டுப் பயிற்சியில் இருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தேன். சிவப்புத் துணியைக் கண்டால் நின்று பார்க்காத கார்டு உண்டா? அதுவும் அவரே அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த சால்வை. அவர் நிமிர்வதற்குள், பாடிக்கொண்டே அதை உருவி உள்ளே போட்டேன். சங்கு ஊதியது. அந்தக் கலவரத்தில், அப்பா திருப்பத்தில் மறைந்ததும், பழையபடி கம்பியில் மாட்டிவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பீர்கள். திறந்து பார்த்தபோது சால்வை இருந்த இடத்தில் இருந்தது. கிருஷ்ணமூர்த்தி துரோகம் செய்துவிட்டான் என்றீர்கள். சங்கு இரண்டு நிமிஷம் தாமதம் என்று உங்களுக்கு மெமோ வந்தது, பிறகு மாற்றல் வந்தது. கிருஷ்ணமூர்த்தி அண்ணனோ, துணி இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று மாதா மேல்கூட சத்தியம் செய்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் அப்பாவுக்குப் பயந்தேன். அப்புறம் உங்களுக்கு. அப்புறம், இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தாயே என்று கேட்பீர்களே என்ற பயம். இருபத்தொரு வருஷம் இப்படியே போய்விட்டது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் காலனியில் எல்லாரையும் விசாரிப்பீர்கள், அவரை மட்டும் விட்டுவிடுவீர்கள். தப்பு என்னுடையது அண்ணா. முழுக்க என்னுடையது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கிருஷ்ணமூர்த்தி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, “அப்போ நான் பார்த்தது சரிதானாம்மா?” என்று கேட்டார். அன்றைக்கு உங்களோடு சண்டை வந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டாராம். டாக்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும், இன்றுவரை எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்புவதில்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவி காபி கொடுத்தும் குடிக்க முடியவில்லை.

புறப்படும்போது அவரே வாசல்வரை வந்தார். சங்கு ஊதினவன் பெயரை அட்டையில் போடுவார்களா என்று கேளம்மா என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் இளங்கோவனுக்கு எழுதினேன். நேற்று பதில் வந்தது. போடுகிறார்களாம்! உங்கள் பெயருக்கு நேர் கீழே அவர் பெயர். உங்களுக்குச் சம்மதம் என்றால்தான்.

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டை வாழ்நாளில் கேட்க மாட்டேன் என்று ஜேம்ஸிடம் சொன்னீர்களாமே, அப்படியே இருங்கள். ஆனால் கிருஷ்ணமூர்த்தி அண்ணனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். என்னை மன்னிப்பது அப்புறம் இருக்கட்டும்.

ஜனவரியில் லீவில் வருவதாக அண்ணி சொன்னார்கள். அம்மாவின் சால்வை இன்னும் என்னிடம் இருக்கிறது, சாயம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் வரும் நாளில் அதை எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கவிடுகிறேன். கிருஷ்ணமூர்த்தி அண்ணனும் வந்து உட்கார்ந்திருப்பார். இந்த முறை என் கை அதைத் தொடாது. நீங்கள் வந்து எடுங்கள் அண்ணா. அதுவரை நாங்கள் இசைத்தட்டில் ஊசி வைக்க மாட்டோம்.

உங்கள் பதிலுக்காகத் தினமும் ஜெபிக்கும்,
தங்கை எலிசபெத்