உன் கணக்கில் வராத செலவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீயும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை பெரியவன் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டான். நான் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து சொன்னதும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் விழித்தான். இப்போது வீட்டில் இருக்கிறான், தங்கையோடு சண்டை போடுகிறான்.

இன்சுலின் போடுவதற்கு முன் விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பில் சர்க்கரை பார்க்க வேண்டும். "பார்த்துட்டேம்மா, சரியா இருக்கு" என்று இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கிறான். பார்க்காமலே ஊசி போட்டிருக்கிறான். மிச்சம் பிடித்த ஸ்ட்ரிப்பையெல்லாம் தங்கைக்காகப் பென்சில் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறான். வெளியே எடுத்தால் காற்றுப்பட்டுக் கெட்டுவிடும் என்று அந்த மக்குப் பயலுக்குத் தெரியவில்லை. அத்தனையும் குப்பைக்குப் போனது.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சின்னவளுக்கும் அண்ணனின் நோய் வரும் என்று அறிகுறி தெரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இந்த வருஷமே வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், இலவசம் என்றார்கள். அடுத்த முறை போனால் அறை பூட்டிக் கிடக்கிறது. "செலவு கட்டுப்படியாகலையாம், மேலிடத்துல கணக்குப் பார்க்கிறாங்க" என்றார் நர்ஸ். அந்த மேலிடம் என் கூடப் பிறந்தவன் என்று எந்த வாயால் சொல்வேன்? அன்றிலிருந்து அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தாலே நோய் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. உடனே பெரியவனின் ஸ்ட்ரிப்பை எடுத்து அவள் விரலைக் குத்துவேன். மாதக் கடைசியில் டப்பி காலி. அதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அந்தப் பரிசோதனையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்க முந்நூறு பிள்ளைக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது, காசு கரியாகிறது என்றாய். முதன்முதலில் இந்த நோய் வந்தபோது பெரியவன் நினைவில்லாமல் ஐசியூவில் கிடந்தானே, அந்தச் செலவு என்னடா ஆயிற்று என்று கேட்டேன். "அது ஆஸ்பத்திரி கணக்குக்கா, என் கணக்குல வராது" என்றாய். வெறும் வாந்தி என்று நினைத்து நாங்கள் அவனை வீட்டிலேயே வைத்திருந்தோம். முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னபோது நீயும்தானே பக்கத்தில் நின்றாய்? ஐயோ, அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவனே நீதானேடா!

பொய்க் கணக்கு எழுதச் சொல்லவில்லை. அந்த ஐசியூ செலவையும் சேர்த்துப் போட்டுப் பார், அப்புறம் அந்தப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று கையெழுத்துப் போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நேற்று சின்னவளுக்கு மறுபடியும் தாகம். அவனுக்கோ ஊசி நேரம். டப்பியில் ஒரே ஒரு ஸ்ட்ரிப். "அண்ணனுக்குப் பாரும்மா" என்று அவள் விரலை மடக்கிக்கொண்டாள். "அவளுக்குப் பாரு" என்று அவனும் மடக்கிக்கொண்டான். யாருக்குப் பார்த்தேன் என்று கேட்காதே.

உன் மனைவிக்கு ஏழாம் மாதம் என்று அம்மா சொன்னாள். பத்திரமாகப் பார்த்துக்கொள். நம் ரத்தம்தானே அதுவும். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அதன் விரலை யாரும் குத்திப் பார்க்க வேண்டிய நாள் வராமலே போகட்டும்.

உன் அக்கா