பல்லுத் தகடு

வெள்ளிக்கிழமை இரவு.

அம்மாவின் பழைய காமன்ட் தையல் மெசினில் எந்த இலக்கத்துக்குத் திருப்பினாலும் தையல் குறுகியே விழுந்தது. துணியை நகர்த்தும் பல்லுத் தகடு தேய்ந்துவிட்டதாம். இன்று காலை கழற்றித் தந்தார். “பள்ளிக்கூடம் விட்டதும் இதைக் காட்டி இதே அளவில வாங்கிக்கொண்டு வா பிள்ளை.”

சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் அதை என் பையிலிருந்து எடுத்து, என்னவென்று சிங்களத்தில் கேட்டான். வகுப்பில் சிங்களத்துக்கு முதற்பரிசு எனக்குத்தான். பயத்தில், என்னுடையது இல்லை என்றேன். அவன் அதை ரோட்டோரக் கழிவுநீர்க் கானுக்குள் எறிந்தான்.

அம்மாவிடம், அவன் பறித்துவிட்டான் என்று சொன்னேன்.

“போகட்டும். நீ வந்திட்டாய்தானே.”

ஞாயிறு தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டைகள் பாதியில் கிடக்கின்றன. அம்மா துணியைக் கையால் இழுத்து இழுத்துத் தைக்கிறார். ஒரு தையல் நீளம், அடுத்தது குறுகல். மறுபக்கம் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.