இரண்டு மாடி, இரண்டு டிஷ்

மார்ச் 4
மாடியில் இருந்தவர்கள்: இவர், ஏணி பிடிக்க நான், போனில் கொழுந்தன். ஏரிக்கு அக்கரையில் அவர் வீட்டு மாடியிலும் இதே கூட்டம்தான், ஏணி பிடிக்க மட்டும் ஆளில்லை. அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். அக்கரைக்குக் கேபிள் கிடையாது. அதனால் எங்கள் வீட்டு இன்டர்நெட்டை, இரண்டு மாடியிலும் நேருக்கு நேர் பார்க்கும்படி டிஷ் வைத்துத் தண்ணீருக்கு மேலே அனுப்புகிறார்கள். டாக்டர் அவளை வீடியோவில் பார்த்தாக வேண்டும். கால் வீங்கியிருக்கிறது.

"அண்ணே, உங்க டிஷ்தான் கோணல்."

"நான் வெச்சது நூல் புடிச்ச மாதிரி இருக்கு. உன்னோடத திருப்புடா."

திருப்பினார்கள். இருவரும், ஒரே நேரத்தில்.

மார்ச் 6
வரவு: சத்தம். செலவு: என் தோள்பட்டை. ஒருவர் சும்மா இருந்தால்தானே மற்றவர் தேடிப் பிடிக்க முடியும்? கேட்டேன். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். சரி, புரியாமலே இருக்கட்டும்.

மார்ச் 9
அக்கரையில் டாக்டர் முகம் வந்தது. "பிரஷர் எவ்வளவு" என்று கேட்டவர் வாய் திறந்தபடியே திரையில் உறைந்துபோனாராம். இவரோ ஸ்பீடு எவ்வளவு என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தார். அறுந்து அறுந்து வரும் வேகம் யாருக்கு? கொஞ்சம் குறைத்து வையுங்கள், அறாமல் வரட்டும் என்றேன். சொத்தை எழுதித் தரக் கேட்டதுபோல் பார்த்தார்.

மார்ச் 10
ஆண்டவனே, இரண்டு பேரில் ஒருவருக்காவது பொறுமை கொடு.

மார்ச் 11
கொடுத்தான். கொழுந்தனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மாடி ஏற முடியவில்லை. அவர் டிஷ் முதல்முறையாக அசையாமல் நின்றது. இவர் இங்கே மெல்லத் திருப்பினார், சிக்னல் வந்து உட்கார்ந்தது. வேகத்தையும் குறைத்தார், யாரும் பார்க்காதபோது. சாயங்காலம் காற்றடித்தும் அறவில்லை.

டாக்டர் முழுதாகப் பார்த்தார். "நல்லவேளை, இன்னைக்கே பாத்தோம். இனி தினமும் பிரஷர் எடுத்து எனக்குக் காட்டணும். ஏறுச்சுன்னா உடனே படகுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

"அக்கா, இன்னைக்குத் தூங்கிடுவேன்" என்றாள் அவள், போனில்.

மார்ச் 15
நான்கு நாளாக ஒரு தடங்கலும் இல்லை. பிரஷர் ஏறவில்லை.

கொழுந்தன் போன் செய்தார். "முதுகு தேவலை அண்ணி. நாளைக்கு மேல ஏறி லேசா ஒரு திருப்பு திருப்புனா, ஸ்பீடு இன்னும் வரும்."

இவர் ஏணியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆண்டவனே, அந்த முதுகு குணமாகத் தினமும் வேண்டியவள் நான்தான். பிரசவம் வரை அந்த வேண்டுதலை நிறுத்திவைக்கலாமா, பாவமா? விடிவதற்குள் பதில் சொல்.