அப்பாவின் வரிக்கணக்கும் உன் பங்கும்

சேலம், அரிசிப்பாளையம்
12.06.2025

அன்பு மகள் வினோலியாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். அம்மா நலம். இடது கண் ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்துவிட்டார்கள், இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கண்ணின் குற்றம் இல்லை, எப்போதும் அப்படித்தான்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ 'நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டீங்களா' என்கிறாய், பின்னால் யாரோ மணி அடிக்கிறார்கள், வைத்துவிடுகிறாய். இது அப்பாவின் வருமான வரி விஷயம். நிதானமாகப் படித்தால்தான் புரியும். உங்கள் ராஞ்சி மடத்து மதர் படித்துப் பார்த்தாலும் ஒன்றுமில்லை, எல்லாம் கணக்கு வழக்குதான்.

அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். பாக்கிச் சம்பளத்துக்காக எல்லாரும் சேர்ந்து போட்ட வழக்கில் போன வருஷம் சித்திரையில் உத்தரவு வந்தது. அந்தக் காகிதத்தை அப்பா பூசைக்குப் போகும்போதுகூடச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஜூலையில் போய்விட்டார். பணம் ஆயுத பூஜை கழித்துத்தான் வந்தது. நாமினி என்று என் பெயர் இருந்ததால் பேங்கில் என்னிடம் கொடுத்தார்கள். நான் அப்படியே என் பெயரில் டெபாசிட் போட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் அப்பா பெயருக்கு ஒரு தபால் வந்தது. திரு. லாசர் அவர்களே, உங்களுக்கு வந்த தொகையில் வரி பிடித்திருக்கிறது, கணக்குத் தாக்கல் செய்யுங்கள் என்று. இறந்தவரிடம் வரி கேட்பார்களா, கட்டாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவார்களா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் அண்ணன் சேவியர்ராஜ் ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் இருந்து வந்து, பயப்படாதம்மா என்று திருச்செங்கோட்டுக்கு அழைத்துப்போனான். அவன் வேலை பார்க்கும் லாரி பாடி பட்டறைக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் அங்கேதான் இருக்கிறார். சாரதாமணி என்று பெயர். சின்ன வயசுப் பெண், உன் வயசுதான் இருக்கும்.

அந்தப் பெண் முதலில் எனக்கு மோர் கொடுத்தது. பிறகு சொன்னது: "பயப்படாதீங்கம்மா. உத்தரவு வந்தப்ப அய்யா உசுரோட இருந்தாருங்க. அப்ப அது அவருக்குச் சேர வேண்டிய சம்பளமுங்க. அவரு பேர்லயேதான் கணக்குக் காட்டோணும். வாரிசுல ஒருத்தர் அவருக்காகக் கையெழுத்துப் போடோணும், அவ்வளவுதானுங்க."

மொத்தமாக வந்ததால்தான் பெரிய வருமானம்போலத் தெரிகிறதாம். அது எந்தெந்த வருஷத்துச் சம்பளமோ அந்தந்த வருஷத்துக்குப் பிரித்துக் காட்டினால் வரி மிகவும் குறைந்துவிடுமாம், பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வருமாம். அந்த வருஷங்களில் நாம் எப்படி இருந்தோம் என்பதை அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது? எங்கே வரி கட்டினோம், ரேஷன் அரிசியில் அல்லவா ஓட்டினோம். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அண்ணன், கண்ணுல மருந்து ஊத்தியிருக்கு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அப்பா வாங்கிய பென்ஷன் சம்பளம் என்ற தலைப்பில் வருமாம். எனக்கு வருகிற குடும்ப பென்ஷன் 'இதர வருமானம்' என்று வருமாம். இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியதற்கு எனக்கு இதரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் உன் பேச்சு வந்தது. அப்பா இறந்த நாள்வரைக்கும் உள்ளது அப்பா கணக்கு, அதற்குப் பிறகு அந்தப் பணத்துக்கு வருகிற வட்டி வாரிசுகளின் வருமானம் என்று ஆடிட்டர் சொன்னார். முழு வட்டியும் என் பெயரில் வந்திருக்கிறதே என்றேன். "நாமினின்னா வாங்கி வச்சிருக்கறவங்கதானுங்கம்மா, பணத்துக்குச் சொந்தக்காரங்க இல்லீங்க" என்றார். கிறிஸ்தவர்களுக்கு உள்ள சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாம். நீங்கள் இரண்டு பேர் என்பதால் மூன்று பேருக்கும் ஒரே அளவு. தாலுகா ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிலும் மூன்று பேர்தான் இருக்கிறது.

அண்ணன் உடனே பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தான். உனக்கு உரிமை வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுப்பதுபோல விடுதலைப் பத்திரம். உன் அண்ணி ஃபாத்திமாவின் சித்தப்பா எழுதிக் கொடுத்தாராம். எனக்கு முன்பே தெரியாது. அவனைத் தப்பாக நினைக்காதே சாமி. பட்டறை முதலாளி வயசாகி விற்கப் பார்க்கிறார், அதை இவனே வாங்க ஆசைப்படுகிறான். இவன் இருபது வருஷமாக அடுத்தவன் லாரிக்கு வெல்டிங் வைக்கிறான். "தங்கச்சி சிஸ்டரா இருக்காங்க, அவங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாதுங்க" என்று ஆடிட்டரிடம் சொன்னான்.

அவர் அதை வாசித்துவிட்டு, "அவங்ககிட்டக் கேட்டுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் பத்திரத்தை எடுத்துத் திரும்பப் பையில் வைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. சங்ககிரி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாக, "அம்மா, அப்பா அடக்கத்துக்கு வந்தப்ப வினோ உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டான். ஒன்றுமில்லையே என்றேன். அவன், "என்கிட்டயும் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா கிளம்புற அன்னிக்கு ரயில்ல ஏறாம நின்னுட்டே இருந்தா. பெட்டிய நான்தான் உள்ள வச்சேன்" என்றான். அப்புறம், "நாளைக்கு அவ திரும்பி வந்து நின்னா கையில என்னம்மா இருக்கும்?" என்றான். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பத்திரத்தை அவன் நாலாக மடித்துக் கிழித்து ஜன்னல் வழியே போட்டான். ரோட்டில் குப்பை போடக் கூடாது என்று கண்டக்டர் திட்டினார்.

ஃபாத்திமா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தானே, அவளுக்கும் குழந்தை இருக்கிறது. மூன்றாம் நாள் அவளே போன் செய்து, அத்தை, வினோ பேரிலும் ஒரு டெபாசிட் போட்டுவிடுங்கள், பட்டறைக்கு நாங்கள் லோன் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். நல்ல பெண். என் பங்கில் இருந்து கொஞ்சம் அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உன் பங்கில் யாரும் கை வைக்க மாட்டோம்.

நம் கோயில் பங்குச் சாமியாரிடமும் கேட்டுவிட்டேன். கடைசிவரை சிஸ்டராகவே இருப்பேன் என்று இறுதி வார்த்தைப்பாடு எடுக்கும்வரை உனக்கென்று சொத்து இருப்பதில் தவறில்லை, அதற்குப் பிறகு உங்கள் சபையின் ஒழுங்குப்படி என்றார். அதனால் இது பாவம் இல்லை, கவலைப்படாதே. உனக்கு டிசம்பரில்தானே வார்த்தைப்பாடு? அதுவரை நேரம் இருக்கிறது.

நீ ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது எடுத்த பான் கார்டும் பேங்க் புத்தகமும் பீரோவில் இருந்தன. புத்தகத்தைப் புதுப்பித்துவிட்டேன். உன் வட்டி உன் வருமானமாகத்தான் காட்டப்படும். அது சின்னத் தொகை, வரி எதுவும் வராது என்று ஆடிட்டர் சொல்கிறார். அப்பாவுக்காகக் கையெழுத்துப் போடுவது அண்ணன். அதில் உனக்குச் சம்மதம் என்று ஒரு காகிதமும், டெபாசிட் படிவம் ஒன்றும் இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு.

தபாலில் அனுப்பலாம். ஆனால் நேரில் வந்து போட்டால் பேங்கில் சுலபம் என்கிறார்கள். அடுத்த மாதம் அப்பாவின் முதல் வருஷப் பூசை வருகிறது. அதற்கு லீவு கேட்டுப் பார். பேங்க் வேலை என்றும் சொல், வருமான வரி என்றால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அப்பா அடக்கம் முடிந்த வாரம், துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, நான் இங்கயே இருந்துட்டா என்னம்மா என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். அதற்குள் பாத்திரக்காரி வந்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று இப்போது நினைவுக்கு வருகிறது. வெயிலில் என்னென்னவோ நினைவுக்கு வரும்.

நீ டிசம்பரில் வார்த்தைப்பாடு எடுத்தால் நானும் அண்ணனும் ஃபாத்திமாவும் ராஞ்சிக்கு ரயில் ஏறி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். குளிருக்கு ஸ்வெட்டர்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். அப்படி இல்லை, இன்னும் யோசிக்க வேண்டும் என்றாலும் ஸ்வெட்டர் ஒன்றும் வீணாகப் போகாது, ஏற்காட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாலும் சரி, எந்த உடுப்பில் வந்தாலும் சரி. அக்கம்பக்கத்தில் கேட்டால், அப்பா கணக்கு விஷயமாக வந்திருக்கிறாள் என்பேன். எத்தனை நாள் என்று கேட்டால், கணக்கு முடியும்வரை என்பேன். வருமான வரிக் கணக்கு எப்போது முடியும் என்று ஊரில் யாருக்குத் தெரியும்?

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடுகிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். சாப்பிடு சாமி. தூங்கு.

உன் அம்மா,
இன்னாசிமேரி