பச்சைப் பெட்டி வேண்டாம், ரைஹானா

பாசிர் மாஸ்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரைஹானாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், அந்தப் பனியிலும் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய மூன்று பெட்டிகளும் உடையாமல் வந்தன. தொட்டில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மூன்றில் எந்தச் சர்க்யூட் நல்லது என்று வீட்டில் மாட்டிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய், அடுத்த மாதம் கல்லூரியில் ஒன்றைத்தான் காட்ட முடியும் என்றும், உனக்குப் பச்சைப் பெட்டி மேல்தான் ஆசை என்றும் எழுதியிருந்தாய். அந்த ஆசை தெரிந்ததால்தான் இந்தக் கடிதத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

முதலில் உன் அப்பா ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொட்டிலில் படுக்க வைத்து, பேரன் இல்யாஸின் தொப்பியையும் அதற்கு மாட்டிவிட்டார். உன் அக்கா மஸ்னி பார்த்துவிட்டு, ‘எம்புள்ளைய விட இது சமத்தா இருக்கே’ என்றாள். சிவப்புப் பெட்டி மின்சாரத்தைத் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது, மெதுவாக வைத்தால் இழுக்கத் தெம்பில்லாமல் முனகிவிட்டு நின்றது, தொட்டால் சுட்டது, அதை அப்போதே ஒதுக்கிவிட்டோம். மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் மஞ்சள் பெட்டி மெதுவாகவும் நன்றாக இழுத்தது, ஆனால் கொசு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். ‘ஒரு சத்தமும் இல்ல’ என்று அப்பா சாதித்தார், முப்பது வருஷம் அரிசி ஆலையில் நின்ற காது அது. தொட்டிலில் போட்ட பிள்ளையோ தூங்காமல் கண்ணை உருட்டி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சைப் பெட்டி, வேகம் தளர்ந்தால் தானே கண்டுபிடித்து இன்னும் பலமாக இழுக்கும் என்று எழுதியிருந்தாயே, அப்படியே செய்தது. இல்யாஸ் உதைத்தாலும் புரண்டாலும் ஒரே சீராக ஆடியது, மூன்றே நிமிடத்தில் அவன் தூங்கிவிட்டான். அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து, ‘எம்பொண்ணு செஞ்சது’ என்று காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை பிள்ளை தூக்கத்தில் பால் கக்கினான். மஸ்னி சுவிட்சை மறந்து ஓடிப்போய்த் தொட்டிலைக் கையால் பிடித்தாள், யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வோம். தொட்டில் நிற்கவில்லை. வேகம் தளர்ந்ததென்று அது பலமாக இழுத்தது, அவள் இன்னும் இறுக்கிப் பிடிக்க, அது இன்னும் பலமாக இழுத்தது. அப்பா பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பிள்ளையை எடுத்தோம். அவனுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ‘அரிசிப் பையை யாரும் அவசரமாத் தூக்கல, அதான் தெரியாமப் போச்சு’ என்று அப்பா சொன்னார்.

நேற்று மறுபடி அரிசிப் பையைப் போட்டு, மஞ்சள் பெட்டியை மாட்டி நானே பிடித்துப் பார்த்தேன். பிடித்ததும் நின்றது, கையை எடுத்ததும் தானாக ஆடியது. ஆகவே கல்லூரியில் மஞ்சளையே காட்டு. மின்சாரம் விட்டு விட்டு வரும் துடிப்பை இன்னும் வேகமாக்கினால் கீச்சுச் சத்தம் காதுக்கு எட்டாது என்று நீ பெட்டியோடு வைத்த தாளிலேயே இருக்கிறது. பிடித்து நிறுத்தும்போது மோட்டார் சூடாகிறது, அதற்கு ஒரு ஃபியூஸ் போடு. பச்சைக்கு மதிப்பெண் கூடக் கிடைக்கலாம், எனக்கும் தெரியும், அம்மா மேல் கோபப்படாதே.

மூன்று பெட்டிகளையும் திருப்பி அனுப்புகிறேன். அவற்றோடு புடு மீன்சாறு பாட்டிலையும் இம்முறை மூன்று பைகளில் கட்டி அனுப்பியிருக்கிறேன், போன தடவை மாதிரி உன் அறை நாறாது. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. இறைவன் உன் கைக்கு நல்ல வேலையும் மனதுக்கு நிம்மதியும் தரட்டும். திங்கட்கிழமை மஸ்னி கிளினிக் வேலைக்குத் திரும்புகிறாள், அதனால் தொட்டிலை நான்தான் ஆட்டப்போகிறேன். உன்னையும் இப்படித்தான் ஆட்டினேன், சிணுங்கினால் வேகமாக, அடங்கினால் மெதுவாக. இப்போது கை வலிக்கிறது, மஞ்சள் பெட்டியைச் சீக்கிரம் திருத்தி அனுப்பு.

உன் அம்மா
ஸைத்தோன்