ஏரி வளைவில் நாற்பது கழிகள்

என் குன்வோருக்கு,

மலை மேலிருந்து உன் கிழவன் எழுதுவது. மூச்சிரைப்பு குறைந்ததா? எனக்கு உடம்பு சுகம்; வாய் அதைவிடச் சுகம்.

புதன்கிழமை பனிப்புயலாம். வழுக்காமலிருக்க வண்டிச் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டி, பனி உருக்கச் சாலையில் தூவும் உப்பையும் ஏற்றிவிட்டோம். சாலையோரம் கழி நடுவது என் வேலை. பனி மூடினால் அதைப் பார்த்துத்தானே ஓட்டுவோம். ஏரி வளைவில் பழைய ஞாபகத்திலேயே நாற்பது கழி நட்டுவிட்டேன். கோடையில் சாலையை ஏரியைவிட்டுத் தள்ளிப் புதிதாகப் போட்டது மறந்துபோனது. மேற்பார்வைக்காரி சுன்னிவா பார்த்துவிட்டாள்.

“பெரியவரே, இதை நம்பி ஓட்டினா எல்லாரும் ஏரிக்குள்ளதான்!”

“மீன் பிடிக்க வசதிதானேம்மா?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. பிடுங்குங்க!”

சிரித்தேன். ஆனால் வியாழக்கிழமை உன்னை நெஞ்சு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் வண்டி அந்த வளைவில்தான் வரும். நாற்பதையும் பிடுங்கி, அளந்து அளந்து நானே நட்டேன். யாரையும் தொடவிடவில்லை.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, பழுப்புப் பாலாடைக்கட்டி கொஞ்சம் எடுத்து வா. மலைச்சாலைத் தடுப்புக் கம்பத்தருகே, வரிசை சேர்வதற்காக வண்டி நிற்கும்போது கொடு. இங்கே சாப்பிடும்போது திட்ட ஆளில்லை.

அன்று பனி தள்ளும் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். மற்ற வண்டிகளெல்லாம் என் பின்னால் வரிசையாக வரும். முப்பத்தெட்டு வருஷமாக நான் சொன்ன வழியில் நீ வந்ததே இல்லை. அன்று ஒருநாள் வா.

சுன்னிவா கத்துகிறாள், ஓடுகிறேன்.

உன் ஆஸ்பியோர்ன்