கட்டுரையிலிருந்து நீ எடுத்துவிட்ட மீன்

தம்பி,

மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்கென்று உன் அத்தான் கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்திருக்கிறார். வாங்கியதை மாடியில் கொண்டுபோய் வைப்போம் என்று தோன்றுமா அவருக்கு? முற்றத்திலேயே போட்டுவிட்டு ஆபீஸ் கிளம்பிவிட்டார். மத்தியான வெயில் ஏறி, அந்த ரப்பர் வாடை சமையலறைக்குள் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் வாடை அது. நீ போன பிறகு இந்த வீட்டுக்குள் ரப்பர் குழாய் வந்ததே இல்லை.

டம்டம் விமான மைதானத்தில் நீ விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்தில், உன் சம்பாத்தியம் ஆகாயத்தில் என்றாலும் உன் எழுத்துவேலை என் சமையலறையில்தான் நடந்தது. பம்பாய், கராச்சி, மதராஸ் என்று மற்ற ஊர்களில் இருந்த உன்னைப்போன்ற வாத்தியார்களுக்காக ஒரு பத்திரிகையில் மாதாமாதம் கட்டுரை எழுதுவாய். விமானத்தைத் திருப்ப மாணவனுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி, இறங்கக் கற்றுக்கொடுப்பது எப்படி, பயந்தவனைத் தேற்றுவது எப்படி. இங்கிலீஷில் தட்டச்சு செய்து அனுப்பும் முன்னால், ஒவ்வொரு வரியையும் தமிழில் என்மேல் ஓட்டிப்பார்க்க வேண்டும் உனக்கு.

அதற்காக நீ செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. விமானத்தில் வாத்தியார் முன்னால், மாணவன் பின்னால். பேச்செல்லாம் ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான் போகும் என்றாய். அதேமாதிரி ஒரு குழாய் கொண்டுவந்து, என் எண்ணெய்ப் புனலை ஒரு முனையில் செருகி, நீ கூடத்தில் உட்கார்ந்துகொள்வாய். நான் அடுப்படியில் மணைப்பலகைமேல், விமானத்துத் தடிக்குப் பதிலாக முழங்கால்களுக்கு நடுவே பூரிக்கட்டையை நட்டுப் பிடித்தபடி. குழாயின் மறுமுனை என் காதில்.

"எக்கா, மூக்கு மேல போகுது. என்ன செய்வே?"

"என் மூக்கு இருந்த இடத்துலதான்லே இருக்கு."

"விமானத்து மூக்குக்கா. நான் சொல்லுததைக் கேட்டு கை என்ன செய்யுதோ அதைச் செய்யி. யோசிக்காதே."

என் கை தப்பாகப் போனால் என்னைத் திட்டமாட்டாய், உன் வாக்கியத்தைத் திட்டுவாய். நீளமான வரியெல்லாம் குழாயின் பாதியிலேயே செத்துப்போகும் என்று சொல்லி வெட்டுவாய். ஒருநாள் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், நம் மாஷிமா, ஜன்னல் வழியாக இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, என்னை மருமகள் முறை வைத்து, "பௌமா, காதுவலியா?" என்று கேட்டு வெங்காயச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். விமானம் ஓட்டுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

அப்புறம் அந்தக் கட்டுரை வந்தது. பயத்தில் மாணவனின் கை விறைத்து, கட்டுப்பாட்டுத் தடியை விடாமல் பிடித்துக்கொண்டால் வாத்தியார் என்ன செய்வது? இரண்டு பேர் தடியும் உள்ளே இணைந்தவை. அவன் பிடித்துக்கொண்டால் உன்னாலும் அசைக்க முடியாது. இறங்கும் நேரத்தில் இது நடந்தால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான் என்றாய். அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை.

துணி உலர்த்தும் கம்பின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து, மறுநுனியை நீ பிடித்து இழுத்தாய். தேங்காய் துருவிய கை, விடுமா? "விடு" என்று கத்தினாய், இன்னும் இறுக்கினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாய், கெஞ்சினாய், அதட்டினாய். கத்தக் கத்த என் கை இறுகியதே ஒழிய இளகவில்லை. நீ களைத்துப்போய், மெதுவாக, "எக்கா, பருப்புக்கு உப்பு போட்டியா?" என்றாய். போட்டோமா என்று நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்ததுதான் தெரியும். கம்பு உன் கையில் இருந்தது.

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. "மனசு பதில் தேடப் போயிருச்சுன்னா கையை மறந்திருதுக்கா," என்று சொல்லிவிட்டுக் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வாரம் முழுக்க என்னிடம் சோதித்தாய். நீ ஏமாற்றத்தான் கேட்கிறாய் என்று தெரிந்திருந்தும் என் கை ஒவ்வொரு தடவையும் இளகியது.

பிறகு நிஜமாகவே ஒருவன் உன் பின்னால் விறைத்தான். தரை நெருங்குகிறது, தடி அசையவில்லை. நீ குழாயில், வங்காளத்தில், "இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன மீன்?" என்று கேட்டாயாம். பின்னாலிருந்து, "பார்ஷே மாச்" என்று மீனின் பேர் பதிலாக வந்ததாம். தடி இளகியதாம். அன்று சாயங்காலம் நீ இந்தக் கதையைச் சொன்னபோது உன் அத்தான், மீன் வாடையே ஆகாத வீட்டுப் பிள்ளையை மீன் காப்பாற்றியிருக்கிறது என்றார். நாம் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதை அப்படியே எழுதினாய். நீ எழுதியதிலேயே நல்ல பத்தி அது. அனுப்பும் காலையில் அதை எடுத்துவிட்டாய்.

"படிக்கிறவன்ல பாதிப்பேர் வெள்ளைக்காரன்க்கா. இந்தியன் ஒருத்தன் வாத்தியாரா வந்ததே அவனுவளுக்குப் பிடிக்கல. இதுல உப்பு, பருப்பு, மீனுன்னு எழுதினா சமையல்குறிப்புன்னு சிரிப்பானுவ."

"சிரிச்சா சிரிக்கட்டும்லே. உயிரோட இருந்துதானே சிரிக்கப் போறானுவ?"

"அடுத்த மாசம் பாப்போம்."

அந்த இடத்தில், உறுதியான குரலில் கட்டளையிடவும், தேவைப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தவும் என்று இரண்டு வரி போட்டாய். கௌரவமான வரிகள். என்மேல் ஓட்டிப்பார்க்காமல் நீ அனுப்பிய வரிகள் அவை மட்டும்தான்.

வடக்கே ஓர் ஊரில் உனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். நீங்கள் நேரில் பார்த்ததில்லை. உன் ஒவ்வொரு கட்டுரைக்கும் கேள்விகளும் கேலியுமாகப் பதில் எழுதுகிற வாத்தியார் அவர். அந்தக் குளிர்காலத்தில் அவரும் ஒரு மாணவனும் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். மாணவனின் இரண்டு கையும் தடியில்தான் இருந்ததாம். கடைசிவரைக்கும் அவர் அதட்டிய சத்தம் மைதானத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம். அந்தச் செய்தியை எனக்குப் படித்துக்காட்டிவிட்டு, "நான் சொன்னபடியே செஞ்சிருக்கார்," என்றாய்.

அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டாய். குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டாய். இப்போதாவது அந்தப் பத்தியை அனுப்பு என்று எத்தனை தடவை உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன். "தெரிஞ்சே மறைச்சேன்னு நானே எழுதிக் குடுக்கச் சொல்லுதியா?" என்று கேட்டாய். உன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, தம்பி. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஒருவர் போனார் என்பதற்காக மற்றவர்களுக்கும் சொல்லாமல் இருப்பதா? ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் அந்த ஆத்திரம் நிற்காது. டாக்குரியா ஏரிக்கரையில் சாயங்காலங்களில் தனியாகப் போய் உட்கார்ந்திருப்பாய்.

அடுத்த மழைக்காலத்தில் டைபாய்டு வந்து உன்னைக் கொண்டுபோயிற்று.

காரியங்களெல்லாம் முடிந்தபின், பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷைத் தட்டித் தடவி, அந்தப் பத்தியை நானே எழுதி அனுப்பினேன். மீனையும் விடவில்லை, உப்பையும் விடவில்லை. உன் மறைவுக்கு வருந்துவதாகவும், விமானம் ஓட்டியவர்கள் எழுதுவதை மட்டுமே வெளியிடுவது வழக்கம் என்றும் பத்திரிகையிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் சொன்னதும் சரிதான். நான் விமானத்தில் கால் வைத்ததுகூட இல்லை. ஆனாலும் விறைத்த கை எப்படி இளகும் என்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எங்காவது விமானம் விழுந்ததாகப் பேப்பரில் வந்தால் உன் அத்தான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுகிறார். நான் எடுத்துப் படித்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி நாள் காலையில், ஜுரத்தில் நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது; உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. அத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ஊசிபோட வந்த டாக்டர், கையை விடச் சொல்லுங்கள் என்றார். உன் அத்தான் விரல்களைப் பிரித்துப்பார்த்தார், முடியவில்லை. "நீ சொன்னா கேப்பான்," என்றார் என்னிடம்.

என்ன கேட்டால் விடுவாய் என்று எனக்குத் தெரியும். வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இன்னொரு கையில் போடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நீயாகத்தான் விட்டாய்.